முகவர் இட்ட ஒப்பத்தைச் சரிபார்க்க வேண்டியவர் யார்?

நம் சார்பில் ஆவணங்களைப் படித்து, கணக்கிட்டு, அறிக்கை எழுதி, அடுத்தவருக்கு அனுப்பியும் விடுகிற ஏஐ முகவர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதன்பின் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தை எழுப்பியிருந்தன: முகவர் தந்தது முகவர் தந்தபடியே நம் கைக்கு வந்திருக்கிறதா என்பதை எப்படி அறிவது? ஆகையால் இம்முறை கேள்வி பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்களுடையது நண்டு கொள்முதல் நிலையம். எடைச் சீட்டுகளைப் படமெடுத்துக் கொடுத்தால், ஏஐ முகவர் அன்றாடக் கொள்முதல் அறிக்கையைத் தயாரித்து வாட்ஸ்அப் வழியாகக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவிடும். அண்மையில் ஒரு நாள் சீட்டிலிருந்த எடையும் கணக்கில் ஏறிய எடையும் ஒத்துப்போகவில்லை. முகவர் பிசகியதா, நடுவில் யாரேனும் கைவைத்தார்களா என்று தெரியவில்லை. டிஜிட்டல் கையொப்பம் சேர்த்தால் இந்தச் சிக்கல் தீருமா? — மண்டபம் வாசகர்

பதில்: பாதி தீரும். மீதிப் பாதி, அந்தக் கையொப்பத்தை உங்கள் கணக்குப் பிரிவு என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது.

டிஜிட்டல் கையொப்பத்தில் இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று ஒப்பமிடுபவரிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவி; மற்றொன்று யாரிடமும் கொடுக்கக்கூடிய பொதுச் சாவி. இந்த இரட்டைச் சாவி எண்ணத்தை 1976இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்டார்கள். மறு ஆண்டே ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மேன் ஆகிய மூவரும் அதைக் கையொப்பத்துக்கும் பயன்படும் முறையாக்கினார்கள். முகவரின் அறிக்கை எவ்வளவு நீளமாக இருந்தாலும், எஸ்.எச்.ஏ-256 என்னும் கணக்கீடு அதைச் சுருக்கி 64 குறிகள் கொண்ட ஒரு ஹாஷ் மதிப்பாக்கும். அந்த மதிப்பின் மேல்தான் ரகசியச் சாவியால் ஒப்பமிடப்படுகிறது. உங்கள் அறிக்கையில் 'நீலக்கால் நண்டு, 42.5 கிலோ' என்றிருப்பதை ஒருவர் '47.5 கிலோ' என்று ஒரே ஓர் இலக்கம் மாற்றினாலும், புதிய ஹாஷ் மதிப்பு பழையதோடு எவ்வகையிலும் ஒட்டாது. பொதுச் சாவியைக் கொண்டு பார்க்கும் மென்பொருள் உடனே ஒப்பம் செல்லாது என்று சொல்லிவிடும். மாற்றியவர் புதிதாக ஒப்பமிடலாமே என்றால், ரகசியச் சாவி இல்லாமல் அது நடக்காது.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. பி.டி.எஃப் அறிக்கையைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு, எழுத்தர் எண்களைக் கணக்கு மென்பொருளில் தட்டச்சு செய்கிறார் என்கிறீர்கள். கையொப்பத்தின் காவல் அந்த விசைப்பலகையோடு முடிந்துபோகிறது. கோப்பு பழுதில்லாமல் வந்திருக்கும், எழுத்தர் 42.5ஐ 47.5 என்று தட்டியிருப்பார். எந்த ஒப்பமும் அதைக் கண்டுபிடிக்காது. ஆகவே முகவர் இரண்டு கோப்புகள் தர வேண்டும்: மனிதர் படிப்பதற்கு ஒன்று, கணக்கு மென்பொருள் நேரே உள்வாங்கிக்கொள்வதற்கு ஒன்று. ஒப்பம் இரண்டாவதன் மேல் இருக்க வேண்டும். அது தேறாவிட்டால் மென்பொருள் கோப்பை உள்ளே விடவே கூடாது. 'எச்சரிக்கை' என்று ஒரு பெட்டி தோன்றி, 'சரி' என்று அழுத்தினால் மேலே போய்விடலாம் என்ற ஏற்பாடு வேலை நெருக்கடியுள்ள அலுவலகத்தில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

அடுத்து, முகவரே 1 என்பதை 7 என்று படித்துவிடும் நிலையைப் பாருங்கள். கடல் நீர் பட்டு மை பரவிய சீட்டில் அது நடக்கக்கூடியதே. அப்போது தவறான எண்ணின் மேல் மிகச் சரியான ஒப்பம் இருக்கும். இதற்கு வழி, முகவர் தான் எழுதிய எடையோடு, தான் பார்த்த சீட்டுப் படத்தின் ஹாஷ் மதிப்பையும் சேர்த்து ஒப்பமிடுவது. பிறகு வழக்கு எழுந்தால் சீட்டின் படம், முகவர் எழுதியது, கணக்கில் ஏறியது ஆகிய மூன்றையும் வரிசையாக வைத்து, எந்த இரண்டுக்கு நடுவே எண் மாறியது என்று சுட்டிக்காட்டிவிடலாம். முகவர் பிசகியதா, மனிதர் கைவைத்தாரா என்ற உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் கிடைக்கும்.

இன்னொன்று. பொதுச் சாவியை அறிக்கை வரும் அதே வாட்ஸ்அப் குழுவிலேயே அனுப்பி வைக்காதீர்கள். அறிக்கையை மாற்றக்கூடியவர் சாவியையும் மாற்றிவைத்து, தன் ஒப்பம் தேறும்படி செய்துவிடுவார். கணக்குப் பிரிவின் கணினியில் பொறுப்பானவர் ஒருவர் நேரில் வந்து ஒரு முறை பதித்துவிட்டுப் போவதே போதுமானது.

கேள்வி: இ-ஆதார் கோப்பைக் கணினியில் திறந்தால் கையொப்பப் பகுதியில் கேள்விக்குறி தெரிகிறது. யாரோ திருத்திவிட்டார்கள் என்று பொருளா? ஏஐ முகவரின் ஒப்பத்திலும் இப்படி வருமா? — தேவிபட்டினம் மாணவி

பதில்: திருத்தப்பட்டது என்று பொருள் இல்லை. இந்தப் பொதுச் சாவி இன்னாருடையது என்று சொல்லும் ஒப்பமிட்டவரின் சான்றிதழை நம்பலாம் என்று உங்கள் மென்பொருளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை என்பதே கேள்விக்குறியின் பொருள். இந்தியாவில் சான்றளிக்கும் அமைப்புகளுக்கு உரிமம் வழங்குபவர் மத்திய அரசின் சான்றளிப்பு அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர். அவருடைய மூலச் சான்றிதழை நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்த பிறகு அதே கோப்பு பச்சைக் குறியோடு தெரியும். கோப்பு மாற்றப்பட்டிருந்தால் வருவது கேள்விக்குறி அன்று. ஒப்பம் செல்லாது என்ற வெளிப்படையான அறிவிப்பு.

முகவர்களின் ஒப்பத்திலும் இந்த மூன்று நிலைகள் உண்டு: தேறியது, ஆள் யாரென்று தெரியவில்லை, தேறவில்லை. நடு நிலையைப் பலர் 'ஏறக்குறையச் சரி' என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு முகவரின் வெளியீட்டை இன்னொரு முகவர் வாங்கிப் பணம் செலுத்துவது போன்ற காரியத்தைச் செய்கிற இடங்களில், ஆள் தெரியாத ஒப்பத்தை ஒப்பமே இல்லாததாகத்தான் கருத வேண்டும்.

கேள்வி: நான் எழுதிய சரிபார்ப்பு நிரல் ஆங்கில அறிக்கைகளில் ஒழுங்காக வேலை செய்கிறது. தமிழ் அறிக்கைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒப்பம் தேறவில்லை என்கிறது. இரண்டு கோப்புகளையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். எந்த வேறுபாடும் இல்லை. முகவர் நிறுவனத்தாரோ 'யாரோ கோப்பைச் சேதப்படுத்தியிருக்கிறார்கள்' என்கிறார்கள். — தொண்டி வாசகர்

பதில்: கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு உங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கக்கூடும். 'தொ' என்ற எழுத்தை, கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யுனிகோடில் இரண்டு வகையாக எழுதலாம். தகரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடுவது ஒரு வகை. தகரத்தை அடுத்து எகரத்தின் ஒற்றைக்கொம்பையும் அதற்கடுத்துக் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடுவது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அந்தக் குறியீடுகளைக் கோப்பில் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் ஆவதால், 'தொண்டி' என்ற சொல் முதல் வகையில் 18 பைட், இரண்டாம் வகையில் 21 பைட். ஹாஷ் கணக்கீடு பார்ப்பது பைட்டுகளை. நம் கண் பார்ப்பது வடிவத்தை. ஓகார, ஔகார உயிர்மெய்களிலும் இதே நிலைதான். முகவர் ஒரு வகையில் எழுதி ஒப்பமிட்டு, வழியில் ஏதோ ஒரு மென்பொருள் 'நல்லது செய்வதாக' எண்ணி மறு வகைக்கு மாற்றியிருந்தால், தீய எண்ணம் கொண்டவர் எவரும் இல்லாமலே ஒப்பம் முறிந்துவிடும்.

இதற்கென்று யுனிகோடில் என்.எஃப்.சி என்ற சீராக்க முறை உண்டு. பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் அது ஒரே குறியாக்கிவிடும். அதைச் செய்ய வேண்டிய இடம் முக்கியம்: ஒப்பமிடுவதற்கு முன்னால் முகவர் பக்கத்தில் ஒரு முறை. சரிபார்க்கும் பக்கத்தில் வந்த பைட்டுகளை வந்தபடியே ஹாஷ் செய்ய வேண்டும். வந்ததைச் சீராக்கிவிட்டுச் சரிபார்ப்பேன் என்று தொடங்கினால், எதைச் சரிபார்த்தோம், எதைப் பயன்படுத்தினோம் என்பவை இரண்டு வேறு பொருள்களாகிவிடும்.

என்.எஃப்.சி எல்லாவற்றையும் தீர்க்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'ஸ்ரீ' என்பதை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம். 2005இல் யுனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். ஆனால் சீராக்கம் இவற்றை ஒன்றாக்காது. சில தட்டச்சுக் கருவிகள் எழுத்துகளுக்கு நடுவே இடும் அகலமில்லாத இணைப்புத்தடைக் குறியும் அப்படியே நின்றுவிடும். படகு உரிமையாளர் பெயர்களில் ஸ்ரீ வருகிற இடங்களை முதலில் பாருங்கள்.

உங்கள் அறிக்கைகள், புலங்களின் பெயரையும் மதிப்பையும் எழுத்தாக அடுக்கும் ஜேசன் வடிவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் புலங்களின் வரிசை மாறினாலும், வெற்றிடம் கூடினாலும், 1.50 என்பது 1.5 ஆனாலும் பொருள் மாறாது, பைட்டுகள் மாறிவிடும். இதற்காக 2020இல் வெளியான ஆர்.எஃப்.சி 8785 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் ஒரே சீரான எழுத்து முறையை வரையறுக்கிறது. தமிழில் வேலை செய்வோர் கவனிக்க வேண்டியது, அந்த முறை யுனிகோடு சீராக்கத்தைச் செய்வதில்லை. எழுத்துத் தொடர்களை உள்ளபடியே விட்டுவிடும். அதை நம்பி என்.எஃப்.சியை விட்டுவிட்டால் 'தொண்டி' மீண்டும் சிக்கும். என்னைக் கேட்டால், ஜேசனைப் பிரித்துத் திரும்ப எழுதுகிற வேலையையே தவிர்த்து, முகவர் எழுதிய கோப்பை ஒரு மூடிய பைட் தொகுதியாகவே கொண்டுசென்று, ஒப்பம் தேறிய பிறகு மட்டும் பிரிப்பது நல்லது.

நிறுவனத்தார் சொன்னதற்கு வருவோம். ஒப்பம் தேறவில்லை என்றால் பைட்டுகள் மாறியிருக்கின்றன அல்லது சாவி வேறு என்பது மட்டுமே உறுதி. அதை உடனே 'சேதப்படுத்தினார்கள்' என்று ஒருவர் தலையில் கட்டுவதற்கு முன், இரண்டு கோப்புகளையும் பைட் அளவில் ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதற்காகத் தேறாத கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பயன்படுத்தவும் வேண்டாம். காரணம் தெரியும் வரை அது ஓரமாகக் கிடக்கட்டும்.

கேள்வி: எங்கள் நாட்டுப்படகு மீனவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் மையத்தின் கடல்நிலை முன்னறிவிப்பை ஏஐ முகவர் ஒன்று சுருக்கித் தமிழில் தருகிறது. காற்றின் வேகத்தைக் குறைத்துக் காட்டிய செய்தி ஒன்று அண்மையில் சுற்றியது. முகவர் தரும் ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் சேர்த்துவிட்டால் அதை நம்பிக் கடலுக்குப் போகலாமா? — தங்கச்சிமடம் வாசகர்

பதில்: ஒப்பம் தேறினால் 'சங்கத்தின் முகவர் இப்படிச் சொன்னது' என்பது உறுதியாகும். 'இன்காய்ஸ் இப்படிச் சொன்னது' என்பது உறுதியாகாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பும் ஒரு சுருக்கமும் இருக்கின்றன. மூலத்தில் காற்று 25 நாட் என்றிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆக அது மணிக்கு 46 கிலோமீட்டருக்கு மேல். முகவர் அலகைக் கவனிக்காமல் 'மணிக்கு 25 கிலோமீட்டர்' என்று எழுதி ஒப்பமிட்டால், ஒப்பத்தில் எந்தக் குற்றமும் காண முடியாது. தென்கடலுக்குச் சொன்னதை வடகடலுக்குச் சொன்னதாக எழுதினாலும் அப்படித்தான். தீவின் ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறு பக்கம் பாக் விரிகுடா என்ற உங்கள் நிலையில் இந்தப் பிசகின் விலை என்ன என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே முகவரின் செய்தியோடு மூல அறிவிப்பின் கோப்பும் அதன் ஹாஷ் மதிப்பும் கூடவே வர வேண்டும். கடல் பகுதி, அலகு, எண் ஆகிய மூன்றையும் முகவரின் சொந்த வாக்கியத்தில் விடாமல் மூலத்திலிருந்து எடுத்துத் தனித் தனியாக வைக்க வேண்டும்.

இதைவிட நுட்பமான தொல்லை ஒன்று உண்டு. நேற்றைய செய்தியை இன்று ஒருவர் அனுப்பினால் அதன் ஒப்பம் இன்றும் தேறும். எழுத்து ஒன்றுகூட மாறவில்லையல்லவா? பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய படத்தை ஏதாவதொரு புயலில் எடுத்து, வேறொரு புயலின்போது பரப்புவதைப் போன்றது இது; படம் உண்மை, நாள் பொய். ஆகையால் வெளியிட்ட நேரம், எந்த நேரம் வரை செல்லும், எந்தக் கடல் பகுதிக்கு, எத்தனையாவது செய்தி என்ற தொடர் எண் ஆகியவை ஒப்பமிடப்பட்ட பகுதிக்கு உள்ளேயே இருக்க வேண்டும். செய்திக்கு மேலே வாட்ஸ்அப் காட்டும் நேரம் அது அனுப்பப்பட்ட நேரம். முன்னறிவிப்பின் நேரம் அன்று.

வாட்ஸ்அப்பே மறையாக்கம் செய்கிறதே, போதாதா என்று உங்கள் சங்கத்தில் ஒருவர் கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அனுப்பியவருக்கும் பெற்றவருக்கும் நடுவே வேறொருவர் படிக்கவோ மாற்றவோ முடியாது என்பதற்கு அது காவல். அனுப்பியவரே நகலெடுத்து ஓர் எண்ணைத் திருத்திவிட்டு அனுப்பினால், திருத்தப்பட்ட செய்தியைத்தான் அது பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும். முகவரின் அறிக்கையைப் படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடும். ஒப்பமும் அதோடு பயனற்றுப் போகும். ஆவணமாக அனுப்பினால் பைட்டுகள் அப்படியே சேரும்.

கரையில் நின்று ஒப்பம் சரிபார்ப்பதற்கு ஆதாரின் பாதுகாப்பு கியூஆர் குறி ஒரு நல்ல முன்மாதிரி. அந்தக் குறிக்குள்ளேயே தகவலும் ஒப்பமும் இருக்கின்றன; பொதுச் சாவி செயலிக்குள் இருப்பதால் இணையம் இல்லாமலும் பார்க்கலாம். வெறும் இணைய முகவரியைத் திறக்கும் கியூஆர் குறி அப்படிப்பட்டதன்று. போலிப் பக்கத்தைத் திறக்கும் குறியை எவரும் அச்சிடலாம். சங்கம் ஒரு சிறு செயலியை உருவாக்கிக்கொள்ள முடிந்தால் முதல் வழியில் செல்லுங்கள். ஆனால் படகை இறக்குவதா வேண்டாமா என்பதை வானிலைத் துறையும் மீன்வளத் துறையும் தரும் அறிவிப்பை நேரே பார்த்து முடிவு செய்யுங்கள். முகவரின் சுருக்கம் அதைப் புரிந்துகொள்ள உதவலாம். அதன் இடத்தில் உட்காரக் கூடாது.

கேள்வி: எங்கள் கடற்பாசி வளர்ப்பு மகளிர் குழுவில் ஒவ்வொருவரும் கொடுக்கும் காய்ந்த பாசியின் எடையை ஏஐ முகவர் பதிந்து ஒப்பமிடுகிறது. என் பெயரிலிருந்த பதிவு ஒன்று காணாமற்போய்விட்டது. மீதியுள்ள பதிவுகள் எல்லாமே சரிபார்ப்பில் தேறுகின்றன. இது எப்படி? — பாம்பன் வாசகி

பதில்: ஒவ்வொரு பதிவுக்கும் தனித் தனியே ஒப்பமிட்டால் இருப்பவை மாறவில்லை என்பது தெரியும், இல்லாமற்போனதைப் பற்றிச் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. ஏட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தால் மற்றத் தாள்களிலுள்ள எழுத்து அழியாது என்பதுதான் உங்கள் நிலை. ஆகவே தாள்களைக் கோத்துக் கட்ட வேண்டும். ஒவ்வொரு பதிவுக்குள்ளும் அதற்கு முந்தைய பதிவின் ஹாஷ் மதிப்பையும் தொடர் எண்ணையும் எழுதி, அதன் பிறகு ஒப்பமிட வேண்டும். அப்போது நடுவில் ஒன்றை நீக்கினால் அடுத்த பதிவு சுட்டும் மதிப்புக்கு உரியது இருக்காது. சங்கிலி அறுந்தது அங்கேயே தெரியும்.

இதிலும் ஓர் ஓட்டை மிஞ்சுகிறது: கடைசியிலிருந்து சில பதிவுகளை வெட்டிவிட்டால் சங்கிலி எங்கும் அறாது, நீளம்தான் குறையும். சாவியை வைத்திருப்பவரே தவறு செய்ய நினைத்தால் முழுச் சங்கிலியையும் புதிதாக எழுதி ஒப்பமிட்டுவிடவும் முடியும். இதற்குத் தொழில்நுட்பம் கொஞ்சம், ஊர் வழக்கம் கொஞ்சம் என்று ஒரு வழி இருக்கிறது. நாள்தோறும் மாலையில் கடைசிப் பதிவின் தொடர் எண்ணையும் அதன் 64 குறி ஹாஷ் மதிப்பையும் முகவர் குழு உறுப்பினர் எல்லாருக்கும் அனுப்பிவிட வேண்டும். யாரும் அதைப் படித்துப் புரிந்துகொள்ளத் தேவையில்லை. அழிக்காமல் வைத்திருந்தால் போதும். எல்லார் கைபேசியிலும் இருக்கும் ஒரு மதிப்பை, அலுவலகக் கணினியை மட்டும் திருத்தி மறைக்க முடியாது.

பெரிய அளவில் இதையே இணைய உலகமும் செய்கிறது. 2011இல் டிஜிநோட்டர் என்ற நெதர்லாந்துச் சான்றளிப்பு நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் பொய்ச் சான்றிதழ்களை உண்டாக்கினார்கள். அத்தகையவற்றைக் கண்டுபிடிப்பதற்காக, வழங்கப்படும் சான்றிதழ்களை எவரும் பார்க்கக்கூடிய, சேர்க்க மட்டுமே இயலும் பதிவேடுகளில் ஏற்றும் முறை 2013இல் ஆர்.எஃப்.சி 6962 என்ற ஆவணமாக வெளிவந்தது. அதன் உள்ளே இருப்பது ரால்ஃப் மெர்கில் 1979இல் முன்வைத்த மர அமைப்பு. இலட்சக்கணக்கான பதிவுகளில் ஒன்று இருக்கிறதா என்பதைச் சில ஹாஷ் மதிப்புகளைக் கொண்டே அதில் நிறுவலாம். உங்கள் குழுவுக்குச் சங்கிலியே போதும்.

காணாமற்போன எடைக்கு வருவோம். பாசியை எடைபோட்ட அந்த நொடியிலேயே, ஒப்பமிட்ட ரசீது உங்கள் கைபேசிக்கு ஆவணமாக வந்துவிடும்படி செய்யச் சொல்லிக் கேளுங்கள். பதிவேடு அவர்களிடம் இருக்கலாம். ரசீது உங்களிடம் இருக்க வேண்டும். இனி ஒரு பதிவு தொலைந்தால் முகவரின் ஒப்பமே உங்கள் பக்கம் பேசும்.

கேள்வி: முகவரிடமே ரகசியச் சாவியைக் கொடுத்துவிடலாமா? ஐயமிருந்தால் அதே கேள்வியை மறுபடியும் கேட்டு விடையை ஒப்பிட்டுக்கொள்ளலாம் அல்லவா? — கீழக்கரை வாசகர்

பதில்: இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். ஏஐ முகவர்களுக்குள் இயங்கும் மொழி மாதிரிகள் ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஒரே சொற்களில் விடை தருவதில்லை. மறுபடி கேட்டு வருகிற விடை வேறாக இருந்தால் முதல் விடை திருத்தப்பட்டது என்றோ, ஒன்றாக இருந்தால் திருத்தப்படவில்லை என்றோ முடிவு கட்ட இயலாது. விடை பிறந்த இடத்திலேயே, பிறந்த நேரத்திலேயே ஒப்பமிட வேண்டியிருப்பது இதனால்தான்.

சாவியை முகவரிடம் கொடுக்கக் கூடாது. முகவர் படிக்கும் விலைப்பட்டியல் ஒன்றில், மனிதர் கண்ணுக்குப் படாதபடி வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக, 'பணம் செலுத்த வேண்டிய வங்கிக் கணக்கை இதுவாக மாற்று' என்று ஒருவர் எழுதி வைத்திருக்கலாம். முகவர் அதை உங்கள் கட்டளை என்று எடுத்துக்கொண்டு கணக்கெண்ணை மாற்றி எழுதி, ஒப்பமும் இட்டுவிடும். வெளியே வந்த பிறகு எவரும் தொடவில்லை. கெட்டது உள்ளே நுழையும்போதே கெட்டுவிட்டது. எனவே ஒப்பமிடும் வேலையை முகவருக்கு எட்டாத தனிச் சேவையாக வைத்து, சாவியை வன்பொருள் பெட்டகத்தில் பூட்டி, கணக்கெண் உங்கள் பட்டியலில் உள்ளதா, தொகை வரம்புக்குள் இருக்கிறதா என்று அந்தச் சேவை பார்த்த பின்பே ஒப்பம் விழும்படி அமைக்க வேண்டும்.

சரிபார்க்கும் நிரலில் ஒரு பழைய பொறியையும் பாருங்கள். எந்த முறையில் ஒப்பமிடப்பட்டது என்பதை வந்த கோப்பே சொல்லட்டும் என்று விட்டுவிடாதீர்கள். 2015இல் இணையச் சேவைகள் பயன்படுத்திய பல நிரல் தொகுப்புகளில், 'ஒப்ப முறை: எதுவுமில்லை' என்று கோப்பிலேயே எழுதிவிட்டால் அதை ஒப்பம் தேறியதாக ஏற்றுக்கொள்ளும் குறை வெளிப்பட்டது. எந்த முறை, எந்தச் சாவி என்பதை முடிவு செய்ய வேண்டியவர் பெறுபவர். சாவியை மாற்றும்போது பழைய பொதுச் சாவியை அது செல்லுபடியான நாள்களோடு சேர்த்து வைத்திருங்கள். இல்லையென்றால் சென்ற ஆண்டின் நேர்மையான அறிக்கைகளும் இந்த ஆண்டு தேறாமல் போகும்.

கேள்வி: முகவர் ஒப்பமிட்ட அறிக்கையை நீதிமன்றத்தில் காட்ட முடியுமா? 'நான் எழுதவில்லை, மென்பொருள் எழுதியது' என்று எதிர்த் தரப்பு நழுவிவிடாதா? — இராமநாதபுரம், வழக்கறிஞர் அலுவலக எழுத்தர்

பதில்: நழுவுவது அவ்வளவு எளிதன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 11ஆம் பிரிவு, ஒருவரால் அல்லது ஒருவர் சார்பில் தானாக இயங்கும்படி நிரல் செய்யப்பட்ட தகவல் அமைப்பு அனுப்பிய மின்னணுப் பதிவை அவருடையதாகவே கொள்ளச் சொல்கிறது. ஏஐ முகவர்கள் யாருடைய கனவிலும் வராத காலத்தில் எழுதப்பட்ட வரி அது, ஆனாலும் பொருந்துகிறது. முகவரை ஏவியவர் யார், எந்த வேலைக்காக ஏவினார் என்பதற்கான பதிவுகளை உங்கள் கட்சிக்காரர் வைத்திருக்க வேண்டும்.

ஒப்பத்தைப் பொறுத்தவரை ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ஒரு நிறுவனம் தானே உண்டாக்கிக்கொண்ட சாவியால் முகவர் இடும் ஒப்பம் கணித அளவில் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், உரிமம் பெற்ற சான்றளிப்பு அமைப்பு அந்தச் சாவிக்குச் சான்றிதழ் தந்திருந்தால்தான் அந்தச் சட்டம் சொல்லும் டிஜிட்டல் கையொப்பத்தின் தகுதியைப் பெறும். மற்ற ஒப்பத்தைக் காட்டவே முடியாது என்பதில்லை. அது கோப்பு மாறவில்லை என்பதைக் காட்டும் ஒரு சான்றாக நிற்கும், அதை நிறுவும் சுமை உங்கள் மேல் விழும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் 2023இன் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழும் தாக்கல் செய்ய வேண்டும். அட்டவணையிலுள்ள அதன் படிவத்தில் தரப்பினர் நிரப்புவதற்கு ஒரு பகுதியும் வல்லுநர் நிரப்புவதற்கு ஒரு பகுதியும் உள்ளன. பதிவின் ஹாஷ் மதிப்பையும் அதைக் கணக்கிட்ட முறையையும் எழுத இடமுண்டு. முகவர் தந்த மூலக் கோப்பையும் தனி ஒப்பக் கோப்பையும் திறந்து மறுபடி சேமிக்காமல் அப்படியே நகலெடுத்து, அந்த நகலின் ஹாஷ் மதிப்பை எழுதுங்கள். படிவத்தில் எம்.டி5, எஸ்.எச்.ஏ-1, எஸ்.எச்.ஏ-256 ஆகிய மூன்றின் பெயரும் இருக்கின்றன. ஒரே ஹாஷ் மதிப்புத் தரும் இரு வேறு கோப்புகளை உண்டாக்க முடியும் என்பது எம்.டி5க்கு 2004இலும் எஸ்.எச்.ஏ-1க்கு 2017இலும் செய்து காட்டப்பட்டுவிட்டது. குறுக்கு விசாரணையில் அந்தக் கேள்வி எழ இடம் தராமல் மூன்றாவதையே குறியுங்கள்.